எங்களைக் கேட்காமல் விண்டோஸ் 11 ஏற்றியது குறித்த புகார்

மன்னார்குடி
25.11.2025

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எழுத்தில் கொடுத்தால்தான் ஏதாவது நடக்கும் என்று இதை எழுதுகிறேன். என் டிடிபி கடையின் மூன்று கம்ப்யூட்டர்களும் உங்கள் ஆண்டுப் பராமரிப்பில் இருக்கின்றன. ஒப்பந்த எண், ரசீது எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. ஒவ்வொரு போனிலும் உங்கள் ஆட்கள் அதையே மறுபடி மறுபடி கேட்டார்கள், அதனால் இங்கே திரும்ப எழுதவில்லை.

நவம்பர் 3-ம் தேதி உங்கள் சர்வீஸ் பையன் வந்தது ஃபேனில் தூசி தட்ட. நான் பேங்க் வரை போய்விட்டுத் திரும்புவதற்குள் மூன்றிலும் விண்டோஸ் 11 ஏற்றுவதற்கு ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "டென்னுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு மேடம், கம்பெனி ஆர்டர்" என்றார். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது எனக்கும் தெரியும். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதும் தெரியும். அதற்குள் ஒரு மெஷினில் மட்டும் ஏற்றி, நிதானமாகப் பழகிக்கொண்டு மாறலாம் என்று வைத்திருந்தேன். அந்த முடிவை என் கடையில், நான் இல்லாத நேரத்தில் எடுக்க நீங்கள் யார்?

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கடையில் டைப் அடிக்கும் அண்ணன் 37 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். பத்திரம், மனு, வாரிசுச் சான்று விண்ணப்பம் எதைக் கொடுத்தாலும் திரையைப் பார்க்காமல் அடிப்பார். மவுஸும் அப்படித்தான், கை தானாக இடது கீழ் மூலைக்குப் போகும். இப்போது ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கிறது. அந்த மூலையில் வெயில் மழை காட்டும் படம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மவுஸ் அதன் மேல் பட்டாலே செய்திப் பலகை ஒன்று இடது பக்கத்தில் பெரிதாகத் திறந்துகொள்கிறது. முதல் நாள் காலையில் மட்டும் ஒரே மனுவுக்குள் எட்டு தடவை திறந்தது. மனு கொடுக்க வந்த பாட்டி, "என்னப்பா, சினிமா படம் எல்லாம் வருது?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டிருந்தார்.

புதிது என்றாலே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். ஜன்னல்களைத் திரையில் பாதிப் பாதியாகப் பிரித்து வைக்கும் வசதி இதில் நன்றாகவே இருக்கிறது. 2012-ல் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்தபோதும் சமாளித்தோம். ஜனங்கள் போட்ட சத்தத்தில் 2013 அக்டோபரில் 8.1-ல் பட்டன் திரும்ப வந்தது, பழைய மாதிரி மெனு வர 2015 ஆனது. அதை நாங்கள் மறக்கவில்லை. கம்ப்யூட்டரே தொழிலான உங்களுக்கு அது எப்படி மறந்துபோனது?

இன்னொன்று, டாஸ்க்பார், அதாவது திரையின் அடியில் ஐகான்கள் வரும் பட்டை. எங்கள் இன்னொரு மெஷினில் மானிட்டர் சின்னது. ஏ4 பக்கம் கூடுதலாக நாலு வரி தெரியட்டும் என்று அதில் மட்டும் டாஸ்க்பாரை இடது ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தோம், பத்து வருடமாக. பதினொன்றில் அதைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. 2021 அக்டோபரில் வந்தபோதே எடுத்துவிட்ட வசதி அது, உலகம் பூராவும் ஜனங்கள் கேட்ட விஷயம். ரைட் கிளிக் செய்தால் பாதி கட்டளைகளைக் காணோம். பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்கும் எங்கள் பழைய மென்பொருளின் கட்டளை "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலைக்கு இன்னொரு கிளிக் சேர்ந்துவிட்டது. ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் பழைய மெனு வரும் என்பதைக்கூட உங்கள் ஆட்கள் சொல்லவில்லை. பக்கத்துக் கடைத் தம்பிதான் சொல்லிக்கொடுத்தான்.

விண்டோஸை இப்படி மாற்றியது அதைத் தயாரிக்கும் கம்பெனி, நாங்கள் இல்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். தெரியும். கேட்காமல் ஏற்றியது நீங்கள்.

மறுநாள் 4-ம் தேதியே போன் செய்தேன். 48 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை. 7-ம் தேதி, 10-ம் தேதி மறுபடி செய்தேன். ஏற்றிய பத்து நாளைக்குள் என்றால் செட்டிங்ஸிலேயே பழையதற்குத் திரும்பலாம், அதன் பிறகு பழைய விண்டோஸின் கோப்புகளை அதுவே அழித்துவிடும். இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. மூன்று போனிலும் ஒருவராவது "பத்து நாள்தான் மேடம், இன்றே செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

10-ம் தேதி பேசிய ஊழியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள், "வயசானவங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான் மேடம், யூடியூப்ல பாத்துக் கத்துக்கச் சொல்லுங்க" என்றார். அண்ணன் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய் நின்றார். அன்று முழுக்க அவர் கீபோர்டைத் தொடவில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

14-ம் தேதி சிபியுவை பெட்ஷீட்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வடுவூர் வழி பஸ்ஸில் தஞ்சாவூர் வந்தேன். டோக்கன் போட்டு இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தீர்கள். கடைசியில் ஒருவர் வந்து ஐகான்களை நடுவிலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரி சேர்த்து 590 ரூபாய் பில் போட்டார். பழையதற்குத் திருப்பச் சொன்னதற்கு, "டைம் நேத்தோட முடிஞ்சிடுச்சே மேடம்" என்றார். கடையைப் பூட்டிவிட்டுப் போன நாள் அது. ஊர் திரும்பும்போது புகாரைத் தீர்த்து மூடிவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது.

இருபது வருடம் சேர்த்த பெயர் இந்த மூன்று வாரத்தில் போய்விட்டது. தாலுகா ஆபீஸ் வாசலில் எதிர்க் கடைக்குப் போகும் ஆட்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். லட்ச ரூபாய் கொடுத்தாலும் அந்த நஷ்டம் ஈடாகாது.

தயவுசெய்து இவற்றைச் செய்துகொடுங்கள். இரண்டு மெஷின்களில் உங்கள் செலவில், எங்கள் ஃபாண்ட், கோப்பு எதுவும் போகாமல், விண்டோஸ் 10-ஐத் திரும்பப் போட்டு, அந்த ஒரு வருட அப்டேட்டுக்கும் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது பதினொன்றிலேயே இருக்கட்டும், பழகிக்கொள்கிறோம். 590 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அந்த ஊழியர் அண்ணனிடம் நேராகப் பேசி வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். "நீங்க பிசினஸ் கஸ்டமர், அங்கெல்லாம் போக முடியாது" என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆணையத்துக்கு மனு அடிக்கத் தெரியாத கடை இல்லை எங்களுடையது. ஆனால் அதுவரை போக எனக்கும் விருப்பமில்லை. ஏழு வருடமாக உங்களிடமே இருக்கிறோம், நல்லபடியாக முடித்துக்கொடுங்கள்.

590 ரூபாய் பில்லின் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி டிடிபி கடை உரிமையாளர்

பி.கு.: காலை பத்து மணிக்கு மேல் கடை எண்ணில் கூப்பிடலாம். அண்ணன் எடுத்தால் மரியாதையாகப் பேசச் சொல்லுங்கள்.