குட்டி யானைக்கு பின்னாடி ஒரு பிளக் பாயிண்ட் வெச்சுக் குடுங்கய்யா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

வண்டி தீப்பிடிச்ச செய்தி போடும்போதெல்லாம் கடைசில "மின்கசிவே காரணம் என கூறப்படுகிறது"ன்னு ஒரு வரியோட முடிச்சிடுறீங்க. அந்த கசிவு எங்க இருந்து வருதுன்னு எனக்கு கொஞ்சம் தெரியும், ஏன்னா எங்கிட்டயே ஒருதடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு, அதான் எழுதுறேன்.

நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல வெள்ளனவே லோடு ஏத்திட்டு தாராபுரம், உடுமலை பக்கம் தெருத்தெருவா வெங்காயம் தக்காளி விக்கிறவன். வண்டி குட்டி யானைதான், எந்த கம்பெனின்னு சொல்லல, எல்லா கம்பெனி சின்ன லோடு வண்டிலயும் இதே கததான். முன்னாடியெல்லாம் எங்களுக்கு கரண்டே தேவப்படல, தொண்டைய வெச்சு கூவுனோம், தட்டுத் தராசுல போட்டோம், காசு வாங்கி ஜோப்புல போட்டோம். இப்ப மைக் செட்டு வேணும், எலக்ட்ரானிக் தராசுக்கு சார்ஜ் வேணும், ஜிபே பணம் வந்தா சத்தம் போடுற பெட்டிக்கு சார்ஜ் வேணும், போன் ரெண்டு, இருட்டுனா எல்இடி லைட்டு ரெண்டு. எல்லாம் ஒண்ணா ஓடுனா கிட்டத்தட்ட 100 வாட், அதாவது 12 வோல்ட் பேட்டரில எட்டு ஆம்பியர் சுமாருக்கு. இத்தனையும் வேண்டியது பின்னாடி, ஆனா வண்டில இருக்கிற ஒரே சாக்கெட் முன்னாடி டிரைவர் பக்கத்துல, அதுவும் பீடி பத்தவைக்கிறவன் காலத்து லைட்டர் சாக்கெட்டு.

அதனால நாங்க என்ன பண்றோம்னா, ரோட்டோரம் ஒயரிங் பண்ற தம்பிய புடிச்சு பின் பார்க் லைட்டுக்கு போற ஒயர சுரண்டி அதுலயே ஒரு சாக்கெட்ட முறுக்கி விட்டுடுறோம், பத்து நிமிஷ வேல, எரநூறு ரூவா. நானும் அப்டித்தான் பண்ணேன். அந்த பார்க் பல்பு வெறும் 5 வாட்டுங்க, அதுக்கு அர ஆம்பியர் கூட போகாது, அதுக்குன்னு அளவெடுத்துப் போட்ட நூல் மாதிரி ஒயர்ல எட்டு ஆம்பியர இழுத்தா அது என்ன பண்ணும், சூடாகும். கரண்டு ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்காகும், இது அப்பறமா தெரிஞ்சுக்கிட்டது. ஃபியூஸ் ரெண்டு மூணு தடவ போச்சு, அதையாவது ஒரு எச்சரிக்கையா எடுத்திருக்கணும், அந்த தம்பி ஃபியூஸுக்கு பதிலா செம்புக் கம்பிய சுத்தி "இனிமே போகாதுண்ணே"ன்னான். நானும் சந்தோசமா தலையாட்டுனேன்.

ஒருநாள் சாயங்காலம் தாராபுரம் தாண்டி வரும்போது தீஞ்ச வாட. முதல்ல யாரோ டயர் எரிக்கிறாங்கன்னு நெனச்சேன், கண்ணாடில பாத்தா தக்காளி பெட்டிக்கு நடுவுல இருந்து புகை. பெட்டி ஒரசி ஒரசி ஒயரு மேல் தோல் தகரத்து விளிம்புல கிழிஞ்சு உள்ள கம்பி பாடில முட்டிருக்கு. வண்டி பாடி முழுசுமே நெகட்டிவ்தான, பாசிட்டிவ் எங்க தொட்டாலும் ஷார்ட்டு. நல்ல ஃபியூஸ் இருந்திருந்தா பொட்டுன்னு போயி அதோட முடிஞ்சிருக்கும், எங்க வண்டில செம்புக் கம்பில்ல இருந்துச்சு. பேட்டரி ஒயர கழட்டி, சாக்கு போட்டு அமுக்கி, ரெண்டு பெட்டி தக்காளியோட போச்சு.

அப்பறம் பழநில ஒரு பெரியவர், பழைய ஆளு, லாரி ஒயரிங் பாத்தவர், அவர்ட்ட விட்டேன். என்ன கண்டபடி திட்டிட்டுத்தான் வேலய ஆரம்பிச்சாரு. லைட்டு ஒயர தொடவே இல்ல, நேரா பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து தனி லைனு. பேட்டரில இருந்து ஒரு ஜாணுக்குள்ளயே 15 ஆம்பியர் ஃபியூஸு. சாக்கெட் கிட்ட ஃபியூஸ் போட்டா பேட்டரிக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற ஒயருக்கு காவல் யாருடான்னு கேட்டாரு, எனக்கு அப்பத்தான் உறைச்சுது, ஃபியூஸ் இருக்கிறது மைக் செட்ட காப்பாத்த இல்ல, ஒயர காப்பாத்த. ஒயரு 4 ஸ்கொயர் எம்எம், சேசிஸ் ஓரமாவே குழாய்க்குள்ள, சைலன்சர் பக்கம் போகாம, தகரத்துல ஓட்ட போட்ட எடத்துல ரப்பர் புஷ்ஷு. நெகட்டிவும் தனியா பேட்டரி வரைக்கும் போட்டாரு, துரு புடிச்ச பாடிய நம்பல. நாலு மீட்டர் போயி நாலு மீட்டர் திரும்பி வர்றதுக்கு 1 ஸ்கொயர் ஒயர்னா எட்டு ஆம்பியர்ல ஒரு வோல்ட்டுக்கு மேல வழிலயே தின்னுடுமாம், இதுல கால் வோல்ட்டு சொச்சந்தான். என் மைக் செட்டு கரகரன்னதுக்கு காரணம் அப்பத்தான் புரிஞ்சுது, அதுவரைக்கும் ஸ்பீக்கர குத்தஞ்சொல்லி ரெண்டு மாத்திட்டேன்.

இன்னொன்னும் வெச்சாரு. நாங்க வண்டிய ஆஃப் பண்ணி நிறுத்தித்தான் விப்போம், அதனால கீ ஆன்ல மட்டும் வேல செய்யுற ரிலே (தானா ஆன் ஆஃப் ஆகுற சுவிட்சு) எங்களுக்கு ஒத்துவராது. நல்லா சார்ஜ் ஏறுன பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 வந்தா பாதி காலின்னு அர்த்தம். அதுக்கும் கீழ போக ஆரம்பிச்சா தானாவே சாக்கெட்ட கட் பண்ற ஒரு சின்ன பெட்டி, அவ்ளோதான். முன்னாடி மாசத்துக்கு ஒருதடவயாவது செல்ஃப் எடுக்காம ஊர்க்காரங்கள கூப்ட்டு தள்ளிட்டு இருந்தேன். எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ளதான் முடிஞ்சுது. (பக்கத்து வண்டிக்காரர் இதுல டீ போட கரண்ட் கெட்டில் ஓடுமான்னு கேட்டாரு. 1500 வாட் கெட்டில்னா 12 வோல்ட்ல 125 ஆம்பியருங்க, வேணாம் சாமின்னுட்டேன். கேஸ் வண்டி வெச்சிருக்கவங்க சிலிண்டர் பக்கத்துல சாக்கெட்டே வெக்காதீங்க, தயவுசெஞ்சு.)

என் கேள்வி கம்பெனிக்காரங்களுக்குத்தான். அமெரிக்காவுல ஃபோர்டு எஃப்-150 வண்டில 2021 மாடல்ல இருந்து பின் தொட்டியிலயே பிளக் பாயிண்ட், 7.2 கிலோவாட் வரைக்கும் கெடைக்குதுன்னு எம்பையன் போன்ல காட்டுனான், கல்லு அறுக்குற மிஷினே ஓடுதாம். எங்களுக்கு அதெல்லாம் வேணாங்க, மழை படாம மூடி போட்ட 12 வோல்ட் சாக்கெட் ஒண்ணு, ஒரு யுஎஸ்பி, அதுக்கு தனி ஃபியூஸு, அத ஃபேக்டரிலயே போட்டு வெலைல ஆயிரமோ ஆயிரத்தி ஐநூறோ சேத்துக்குங்க, யாரும் கேக்க மாட்டோம். காய்கறி, மீனு, பானிபூரி, ஸ்பீக்கர் கட்டி ஓட்டு கேக்குற வண்டின்னு பாதி குட்டி யானைக்கு பின்னாடி கரண்டு வேணும்னு ஊருக்கே தெரியும், வண்டி செய்றவங்களுக்கு மட்டும் எப்டி தெரியாம போச்சோ.

எஃப்சிக்கு, அதான் வண்டி ஓடத் தகுதியா இருக்கான்னு பாக்குற சோதனைக்கு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வண்டிய கொண்டு போறோம், எட்டு வருசம் தாண்டுனா வருசா வருசம். ஸ்டிக்கர் ஒட்டிருக்கா, லைட்டு எரியுதான்னு பாக்குறாங்க, சரிதான். ஃபியூஸ் பெட்டிய தொறந்து உள்ள செம்புக் கம்பி சுத்திருக்கான்னு என் வண்டில இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்ல. அதையும் பாக்கச் சொல்லி ரெண்டு வரி போடுங்கய்யா.

இப்படிக்கு,
வெங்காய வண்டிக்காரன்,
ஒட்டன்சத்திரம்.