மிதவையைக் காட்டும் விளக்கு

மண்டபம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும், அதோடு நீ வரைந்து அனுப்பிய டார்ச்சின் படமும் வந்து சேர்ந்தன. லேத் வேலையில் உன் கை எவ்வளவு சுத்தம் என்பது அந்தக் கோடுகளிலேயே தெரிகிறது. ஆனாலும் அதற்கு நீ நினைத்திருக்கும் எக்ஸ்.எச்.பி. 70 என்ற எல்.இ.டி. வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

அந்த எல்.இ.டி. 4000 லூமென் வரை கொட்டும் என்பது உண்மைதான். ஆனால் லூமென் என்பது வெளிவரும் ஒளியின் மொத்தக் கணக்கு. அது ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பதைக் கேண்டெலாதான் சொல்லும். என் மைத்துனர் இரவில் வள்ளத்தில் போய் வலையைத் தேடும்போது, 200 மீட்டருக்கு அப்பால் அலைக்கு நடுவே ஏறி இறங்கும் தெர்மாகோல் மிதவை கண்ணில் பட்டால் போதும். சென்ற மாதம் பரந்து எரியும் விளக்கு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். வள்ளத்தின் முன்பகுதியான அணியமும் அங்கே நின்றவரின் சட்டையும் பளீரென்று வெளுத்து, அந்த வெளிச்சமே திரும்பி வந்து இவர் கண்ணைக் கூசச் செய்ய, அதற்கப்பால் கடல் கருஞ்சுவராக நின்றதாம்.

ஒளி தூரம் போக வேண்டுமானால் எல்.இ.டி.யின் பரப்பு சிறிதாக, அந்தச் சிறு பரப்பின் பிரகாசம் மிகுதியாக, ஒளியைக் குவிக்கும் கிண்ணமான ரிஃப்ளெக்டரின் வாய் அகலமாக இருக்க வேண்டும். ஆகவே ஆஸ்ரம் நிறுவனத்தின் 1 சதுர மில்லிமீட்டர் 'ஒயிட் ஃபிளாட்' வகையை, மேலே குமிழ் இல்லாத அந்தத் தட்டை எல்.இ.டி.யை, 50 மில்லிமீட்டர் ரிஃப்ளெக்டரில் பொருத்தி, 4 ஆம்பியரில் எரியவிட்டேன். 5 மீட்டர் தள்ளிச் சுவரில் வைத்த லக்ஸ் மீட்டர், அதாவது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியை அளக்கும் கருவி, 6000 லக்ஸ் காட்டியது. தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1,50,000 கேண்டெலா. 200 மீட்டரில் மிதவைமேல் விழுவது 3.75 லக்ஸ். முழுநிலவின் வெளிச்சமாக டார்ச் அளவீட்டில் கொள்ளும் 0.25 லக்ஸைப்போல் இது பதினைந்து மடங்கு. (மீனைக் கூட்டும் விளக்கு அல்ல இது. எல்.இ.டி. வைத்து மீன் பிடிப்பதை 2017இல் மத்திய அரசு தடைசெய்தது. அது சரியான முடிவு.)

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சுற்றைப் பொறுத்தவரை, 21700 அளவு லித்தியம் செல் ஒன்றே ஒன்றுக்கு, மிஞ்சும் வோல்ட்டை வெப்பமாகக் கழிக்கும் எளிய லீனியர் வகை போதும். நிறைந்த செல்லின் 4.2 வோல்ட்டுக்கும் எல்.இ.டி. கேட்கும் ஏறத்தாழ 3.5 வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் தொடக்கத்தில் 3 வாட் அளவுக்கு வெப்பமாக வீணாகும். செல் இறங்க இறங்க அது குறைந்துவிடும். எல்.இ.டி.க்குப் போகும் 14 வாட்டில் பாதிக்கு மேல் வெப்பமாகவே மாறுவதால், நடுவே காப்புப் படலம் இல்லாமல் எல்.இ.டி.யின் அடிப்பட்டை நேரே தாமிரத்தில் பற்றவைக்கப்படும் போர்டையே பயன்படுத்தினேன். இதில் சிக்கனம் பார்க்காதே.

நம் கரைக்கு வெப்பத்தைவிடப் பெரிய பகை உப்பு. கடையில் வாங்கிய பழைய டார்ச் ஒன்றின் முகப்பில் எவர்சில்வர் வளையம் இருந்தது. மூன்று மாதத்தில் அதன் அடியில் அலுமினியம் வெண்பொடியாகப் பூத்துப் பொருமி, கண்ணாடிக்குக் கீழுள்ள ரப்பர் வளையத்தைத் தூக்கிவிட்டது. உள்ளே புகுந்த ஈரத்தில் ரிஃப்ளெக்டர் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. எவர்சில்வரும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் தின்னப்படும்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முகப்பு வளையத்தையும் தலைப்பகுதியையும் ஒரே அலுமினியத் தண்டிலிருந்து கடைந்து, இரண்டின் மேலும் காப்பு ஆக்சைடு படலம் ஏறும்படி கெட்டியாக அனோடைஸ் செய்து அனுப்பு. பின்மூடியில் ரப்பர் வளையத்துக்கு ஒன்றல்ல, இரண்டு பள்ளம் வெட்டு. சிலிக்கோன் கிரீஸ் என்னிடம் இருக்கிறது. வாடைக்காற்று தொடங்குமுன் கைக்கு வந்தால், மைத்துனர் கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துச் சொல்வார்.

அன்புடன்,
உன் நண்பன்