இன்ஜெக்டரை மாற்றுவதற்கு முன் சோதனை முடிவைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் வண்டியில் மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிதல் தவறுவது) விழுகிறது, இழுவை இல்லை என்று பணிமனைக்குப் போகிறவரிடம், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘இன்ஜெக்டர் போய்விட்டது, நான்கையும் மாற்றிவிடலாம்’ என்று மதிப்பீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் சென்னையில் பெருகி வருகிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இந்தப் பாகங்கள் நான்கையும் மாற்றுவது, லோடு வேனும் கால் டாக்ஸியும் ஓட்டிப் பிழைப்பவர்களுக்குச் சிறிய செலவு அல்ல. அவ்வளவையும் செலவழித்த பிறகும் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி முன்போலவே திணறுகிறது என்று புலம்புபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. எனவே எரிதல் கெட்டால் டீசல், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) ஆகியவற்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும். ஆனால், எதைத் தேடுவது என்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குறை ஒரு சிலிண்டரில் மட்டும் இருக்கிறதா, என்ஜின் முழுவதிலும் இருக்கிறதா? வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போதே (ஐட்லிங்) தாளம் தப்பி உதறினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். ஐட்லிங்கில் சீராக ஓடி, பாரம் ஏற்றும்போதோ மேடு ஏறும்போதோ மட்டும் மூச்சுத் திணறுகிற வண்டியில் நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே சமயத்தில் கெட்டிருக்கும் என்று நினைப்பதைவிட, அடைத்துக்கொண்ட டீசல் ஃபில்டரையோ என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் விரிசல் விட்ட ஹோஸையோ சந்தேகிப்பதே அறிவுடைமை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் புகார்கள் வரும்போது, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், தண்ணீர் அடியில் தங்கி, டீசல் மேலே தெளிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். அடுத்து, ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி என்ஜினை ஓடவிட்டால், லைன் எங்கேனும் காற்று இழுத்தால் குமிழிகள் ஓடுவதைக் காணலாம். இவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

காற்று வழியில் வரும் குறையைப் புகையே காட்டிக்கொடுக்கும். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குச் செல்லும் ஹோஸ் கிழிந்திருந்தால், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ‘உஸ்’ என்ற ஓசையோடு கரும்புகை தள்ளும். கிளாம்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். வெண்புகை எரியாத டீசலையோ உள்ளே கசியும் கூலன்ட்டையோ (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) குறிக்கும். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதைக் குறிக்கும்.

என்ஜினின் கணினி பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பி0087 என்ற பிழைக் குறியீடு வந்தால், இன்ஜெக்டர்களுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கித் தரும் பொதுக் குழாயான ரெயிலில் அழுத்தம் குறைவு என்றுதான் பொருள். பம்ப் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல, ஃபில்டர் அடைத்தாலும் அதே குறியீடுதான் வரும். பி0301 என்பது முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்கிறதே ஒழிய, காரணத்தைச் சொல்வதில்லை. பிழைக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு உதிரிபாகத்துக்கு ஆர்டர் கொடுப்பதைச் சோதனை என்று என்னால் ஏற்க இயலாது.

இன்ஜெக்டர்தான் என்ற சந்தேகம் வலுத்தால் அதையும் நிரூபிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிச் சிறு புட்டியில் விட்டு என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால், தேய்ந்துபோன இன்ஜெக்டரின் புட்டி மற்றவற்றைவிட விரைவாக நிரம்பும். ஐயம் தீரவில்லையென்றால் இரண்டு சிலிண்டர்களின் இன்ஜெக்டர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தி, மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம்; மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவை கம்ப்ரஷனும் வயரிங்கும்தான். செம்பு வாஷரைப் புதிதாகப் போடாமல் பழையதையே போட்டு இறுக்குவதும், பல வண்டிகளில் இன்ஜெக்டர் மீது பொறித்துள்ள திருத்தக் குறியீட்டை ஈசியூவில் (என்ஜினின் கணினியில்) பதியாமல் விடுவதும், சரியான வேலையையும் கெடுத்துவிடும். புதுப்பேட்டையில் வாங்கும் பழைய இன்ஜெக்டராக இருந்தால் டெஸ்ட் பெஞ்ச் எனும் சோதனைக் கருவியில் பார்க்காமல் பொருத்தவே கூடாது.

பழைய பம்ப் வண்டிகளில், என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே ரெயிலிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதை யாரும் செய்யக் கூடாது. அதில் அழுத்தம் 1,600 பாரையும் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1,600 மடங்கு) தாண்டக்கூடும்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். இன்றும் சிலர் கைப்பழக்கத்தில் இதைச் செய்வதைப் பார்க்கும்போது அச்சமாக இருக்கிறது.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டிகளில் பொதுவாகப் புகைக்கரி வடிகட்டியும் இருக்கிறது. தியாகராய நகருக்குள்ளேயே சுற்றிவரும் வண்டியில் கரி எரியும் அளவுக்கு அது சூடேறாமல் அடைத்துக்கொள்ள, என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது விதிமீறல், காற்றுக்கும் கேடு.

பணிமனைகள் மதிப்பீட்டோடு சோதனை முடிவையும் ஜாப் கார்டில் எழுதித் தருவதையும், மாற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் ஒப்படைப்பதையும் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்றாலும், கையில் எழுத்து இல்லாதவர் அங்கே எதைக் காட்டுவார்? அத்துடன், கிண்டி, அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில், தெருவோரப் பணிமனை மெக்கானிக்குகளுக்காகக் காமன் ரெயில் சோதனை முறைகளில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைக் குறைந்த கட்டணத்தில் நடத்த அரசு முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக் பிரிவுப் பயிற்றுநர்,
பாடி, சென்னை.