இந்தோனேசியாவின் பண்டா தீவுக்கூட்டத்து ரூன் தீவுப் பள்ளிவாசல் மழைநீர்த் தொட்டித் திருப்பணி: ஜமாஅத்தாருக்கு நிறைவு அறிக்கை

அஸ்ஸலாமு அலைக்கும். கண்ணியத்துக்குரிய ஜமாஅத்தார்களுக்கும், பிழைப்புக்காகப் பக்கத்துத் தீவான பண்டா நெய்ராவிலும் மாகாணத் தலைநகர் அம்போனிலும் தங்கியிருக்கும் நம் ஊர்ச் சகோதரர்களுக்கும் பணிக் குழுவின் சார்பில் எழுதிக்கொள்வது. கூரைத் தகடு மாற்றியது, தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்யும் இடத்தில் ஓடு பதித்தது, சுவருக்கு வெள்ளையடித்தது ஆகிய மூன்றும் சொன்ன நாளில் சொன்ன செலவுக்குள் முடிந்தன. தொட்டி அப்படி முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு திண்ணையில் எழும் கேள்விகள் எல்லாம் தொட்டியைப் பற்றியே இருப்பதால், இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

தொட்டி இவ்வளவு பெரிதாக வேண்டுமா என்பது முதல் கேள்வி. நம் தீவில் ஆறு இல்லை, ஓடை இல்லை; வானம் தருவதுதான் தண்ணீர். 1616 டிசம்பரில் இங்கே வந்திறங்கிய, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த நத்தானியேல் கோர்ட்ஹோப்பும் அவருடைய ஆங்கிலேய ஆட்களும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் டச்சுக்காரரின் முற்றுகையைத் தாங்கியபோது அவர்களும் மழைநீரைப் பிடித்துத்தான் குடித்தார்கள். அன்றிலிருந்து இன்று வரை மாறியிருப்பது பாத்திரம் மட்டுமே. மழை பொய்த்த மாதங்களில் நெய்ராவிலிருந்து படகில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவருகிறோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான அந்தக் கடல் வழிக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு உங்களுக்குத் தெரியாததல்ல. மேற்குக் காற்றுக் காலத்தில் காசு இருந்தாலும் படகு புறப்படாது. பள்ளிவாசல் கூரையின் பரப்பு 200 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து 200 லிட்டர் இறங்கும். பழைய தொட்டி ஒரே நல்ல மழையில் நிரம்பி வழிந்து, மீதியெல்லாம் கடலுக்குப் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் 40,000 லிட்டர் கொள்ளும்படி கட்டத் தீர்மானித்தோம். ஒரு பக்கத்தைக் கழுவும்போது மறுபக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதற்காகவே நடுவில் சுவர் வைத்தோம். அது வீண் செலவு என்று சொன்னவர்கள், பழைய தொட்டியைக் கழுவுவதற்காக நீரையெல்லாம் திறந்துவிட்ட அந்த நாளை நினைத்துப் பார்க்கவும்.

இனி மணல் விவகாரம். ஒப்பந்தக்காரரை அமர்த்தியது குழுதான். அந்தப் பொறுப்பிலிருந்து நாங்கள் நழுவவில்லை. வெளியூர்க்காரரான அவர் கேட்ட தொகை மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவாக இருந்தது, எங்கள் கண்ணுக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. ஆற்று மணல் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், அடித்தளம் போட்ட மூன்றாம் நாள் அவருடைய ஆட்கள் நம் கரையிலிருந்தே பவளத் துகள் கலந்த மணலைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்ததைக் குழு உறுப்பினர் ஒருவர் பார்த்தார். வேலையை அன்றே நிறுத்தினோம். "உங்கள் பாட்டனார்கள் இந்த மணலில்தானே வீடு கட்டினார்கள்" என்று அவர் கேட்டார். வருத்தம் என்னவென்றால், நம்மவர்கள் சிலரும் அவர் பக்கம் நின்று அதையே கேட்டார்கள். பாட்டனார்கள் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கட்டினார்கள். அந்தச் சுவருக்குள் கம்பி இல்லை. இன்று பவளத்தை வெட்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறமிருக்க, கம்பி வைத்த கான்கிரீட்டில் உப்பு மணல் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதிப் பருக்கும், பருத்த துரு சிமெண்டைப் பிளக்கும். பழைய தொட்டியின் மேற்குச் சுவர் வெடித்ததற்குக் காரணமும் அதுவே. உடைத்தபோது வெளியே வந்த கம்பி விரலால் நசுக்கினால் உதிர்ந்தது. அந்தத் துண்டு குழு அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

மணலைக் கழுவித் தருகிறேன் என்றார் ஒப்பந்தக்காரர். எந்தத் தண்ணீரில் என்று கேட்டோம். தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்கே தண்ணீர் வேண்டும் என்பதை அவரும் கணக்கில் வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாங்களும் அதுவரை வைக்கவில்லை. பேச்சு முற்றிய மறுவாரம், மேற்குக் காற்று இறங்குவதற்கு முன் கிடைத்த கடைசிப் படகில் அவர் முன்பணத்துடன் ஊர் திரும்பிவிட்டார். போலீஸில் புகார் கொடுக்காதது ஏன் என்று மூன்று கூட்டங்களில் கேட்டுவிட்டீர்கள், நான்காம் முறையாகப் பதில் சொல்கிறோம். அவர் விட்டுச்சென்ற கம்பியும் பலகையும் முன்பணத்தின் பெரும் பகுதிக்கு ஈடாக இருந்தன. மீதித் தொகைக்காக நெய்ராவுக்கும் அம்போனுக்கும் அலைந்தால் படகுக் கூலியும் கப்பல் கட்டணமும் அதைத் தாண்டியிருக்கும். இது கோழைத்தனம் என்று சொன்ன சகோதரர் அலையத் தயாராக இருந்தால் குழு இன்றும் அவருக்கு அதிகாரக் கடிதம் தரும்.

ஆற்று மணல் செரம் தீவிலிருந்து மூட்டைகளில் வந்தது. மணலின் விலையைவிட அதை நெய்ராவில் இறக்கி, படகில் ஏற்றி, நம் கரையில் தோளில் சுமந்துவந்த கூலி அதிகம். செலவு திட்டத்தை மீறியதற்கு முதற்காரணம் இதுதான். காற்று தணியும் வரை மூட்டைகள் நெய்ராக் கிடங்கில் காத்திருந்த வாடகை இரண்டாம் காரணம். படகில் நனைந்து கட்டியாகிப்போன சிமெண்ட் மூட்டைகள் 11. அவற்றைப் படிக்கட்டுக்கு அடியில் நிரவினோம்.

பிறகு ஊர் கூடி மசோஹி எனும் கூட்டுவேலை முறையில் வேலையை எடுத்துக்கொண்டது. மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடும் ஜெனரேட்டரை நம்பிக் கலவை இயந்திரத்தை வரவழைக்க முடியாததால் கலவை முழுவதும் மண்வெட்டியால் போடப்பட்டது. போட்ட கான்கிரீட்டை ஏழு நாட்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும், கடல்நீரை ஊற்றவும் கூடாது. அதற்காகத்தான் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் என்று கேட்டோம். குழு எடுத்த முடிவுகளில் மிகுந்த கசப்பைச் சம்பாதித்தது இதுவே. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு விலக்கு அளித்தோம், ஆனால் அதை அறிவிக்க இரண்டு நாள் தாமதித்தோம். அந்தத் தாமதத்துக்காக அந்தத் தாய்மார்களிடம் இங்கே மன்னிப்புக் கேட்கிறோம். வாளி கேட்டதற்காக அல்ல. அந்தச் சுவர்களில் இன்று வரை ஒரு கீறல் இல்லை.

ஜாதிக்காய்க் கணக்கிலும் சந்தேகம் எழுந்தது. ரொக்கம் இல்லாத வீடுகள் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியுமாக நன்கொடை தந்தன. கொண்டுவந்த அன்று நிறுத்த எடைக்கும் நெய்ரா வியாபாரியிடம் விற்ற எடைக்கும் இடையிலுள்ள குறைவு யார் வீட்டுக்குப் போனது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மரத்திலிருந்து இறக்கிய பத்திரி சிவப்பாக இருக்கும், காய்ந்து மஞ்சளாகும்போது எடையும் போகும். கொட்டையும் வாரக்கணக்கில் காய்ந்த பிறகே உள்ளே குலுங்கும். இதை ரூன் தீவில் பிறந்த ஒருவருக்கு எழுதி விளக்க வேண்டியிருப்பது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டு எடைச் சீட்டுகளும் வரவு செலவுத் தாளுடன் பள்ளிவாசல் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன.

நன்கொடையாளர்களின் பெயர்கள் ஜும்ஆவில் வாசிக்கப்பட்டுவிட்டன. இங்கே பெயரின்றி நன்றியுடன் குறிப்பது: முதல் கூடை பத்திரியைத் தலையில் சுமந்துவந்த மேட்டுத் தெருப் பெரியம்மா, மணல் ஏற்றிய நாட்களில் மீன்பிடிப்பை விட்டுக்கொடுத்த சூரை மீன் படகுக்காரர்கள் நால்வர், எண்ணெய்க்குப் பாதி விலை மட்டும் வாங்கிய கடைக்காரர், வேலையாட்களுக்குச் சமைத்த குர்ஆன் ஓதும் பெண்கள் வட்டம், கூரைத் தகட்டின் முழு விலையையும் அனுப்பிய நெய்ரா சகோதரர்கள், திறப்புக் குழாய்களை வாங்கித் தந்த அம்போன் மாணவர்கள், இரவில் சிமெண்டுக்குக் காவல் இருந்த இளைஞர்கள், பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட ஒருவர். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட 1667 பிரேடா உடன்படிக்கையில் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு ஈடாகக் கைமாறிய தீவு இதுதானா என்று கேட்டுப் படம் எடுத்த இரண்டு வெளிநாட்டுப் பயணிகளும் உண்டியலில் போட்டார்கள். அந்த வரலாற்றைத் தொட்டிச் சுவரில் எழுதினால் மேலும் வசூலாகும் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை.

மீதமிருப்பது கிழக்குப் பக்கத் தகரக் கால்வாய் மட்டும். அதற்கான இரும்புப் பிடிகள் அடுத்த கப்பலில் வரும். அதுவரை அந்தப் பக்கத்து மழைநீர் பழையபடி கீழேதான் விழும், வேண்டியவர்கள் பானை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். குழாய் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் திறந்திருக்கும், சாவி பாங்கு சொல்லும் முஅத்தினிடம் உள்ளது. மிஞ்சிய சிமெண்ட் மூட்டைகள் மூன்றும் மதரஸாவின் படிக்கட்டுக்காக ஒப்படைக்கப்பட்டன.

இப்படிக்கு,
பணிக் குழுச் செயலாளர்