மூணு என்று சொன்னாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் பண்ணினால் "நல்லாயிருக்கேன்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் தம்பியிடம்தான் போனைக் கொடுக்க வேண்டும், அவன் படித்துவிடுவான். அதனால் கடலைமிட்டாய் பார்சலுக்குள்ளேயே இதை வைக்கிறேன். பார்சல் வந்ததும் மிட்டாயை டப்பாவில் போட்டு மூடிவிடு, போன தடவை மாதிரி எறும்புக்குக் கொடுத்துவிடாதே.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆச்சி கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறோம். தீபாவளித் தையல் ஓய்ந்துவிட்டது. இப்போது மாலை போட்டவர்களின் கறுப்பு வேட்டிக்கு ஓரம் அடிக்கிற வேலைதான். நீ விட்டுப்போன நீலச் சுடிதாரில் பாக்கெட் தையல் விட்டிருந்தது, திரும்பத் தைத்துவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

லேப்டாப் பையை ஒரே தோளில் மாட்டாதே. இரண்டு தோளிலும் போடு.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு டீச்சர் வந்தார்கள். அவர்கள் பெண்ணுக்கு 13 வயது. முதுகெலும்பு வளைவு 52 டிகிரியாம், ஜனவரியில் ஆபரேஷன். உனக்கு 54 இருந்தது. "நீங்கதான் பார்த்தவங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை வாசலிலேயே நின்றது. வலது தோள் தூக்கி, அந்தப் பக்கத்து எலும்பு புடைத்து, அப்படியே உன்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

நானும் சொன்னேன். ஆபரேஷனுக்கு மறுநாளே உட்கார வைப்பார்கள், நிற்க வைப்பார்கள், பார்க்கிற நமக்குத்தான் பதறும், ஆனால் அதுதான் பிள்ளைக்கு நல்லது என்றேன். புரளும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், மரக்கட்டை உருள்கிற மாதிரி. எழுந்திருக்கும்போது ஒருக்களித்துக் காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். மூன்று பந்து இருக்கிற கருவியில் மூச்சை இழுக்கச் சொல்வார்கள், வலிக்குப் பயந்து அதை விட்டுவிட்டால் சளி கட்டும் என்றேன். வீட்டில் கீழே உட்காருகிற கக்கூஸ்தான் என்றால் இப்போதே கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், நாங்கள் டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் கடை கடையாக அலைந்தோம் என்றேன். டாக்டர் சொல்கிற வரைக்கும் குனியக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. உனக்கு மூன்று மாதம் சொன்னார்களே. பாடப் புத்தகம் இரண்டு செட் வாங்கி ஒன்றைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிடச் சொன்னேன். அது அப்பா யோசனை என்பதையும் சொன்னேன். கையைத் தலைக்கு மேல் தூக்காமல் போடுகிற மாதிரி முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்து நாலு நைட்டி தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

வடுவைச் சுற்றித் தோல் மரத்துப்போய் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றேன். "துணி உரசினா வேற யாரோட முதுகோ மாதிரி இருக்கும்மா" என்று நீ சொன்னதையும் சொன்னேன். அந்தப் பிள்ளை அப்போதுதான் முதல்தடவை சிரித்தது.

உன்னைப் பற்றிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. 2017 மே மாதம் ஆபரேஷன், ஜூலைக் கடைசியில் பள்ளிக்கூடம், முதலில் மத்தியானம் வரைக்கும் மட்டும். அந்த வருஷமே பத்தாம் வகுப்பில் 463. இப்போது பெங்களூரில் வேலை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தை மகள் கல்யாணத்துக்கு நீ இறக்கமான கழுத்து கேட்டதையும், நான் ஏற்றித் தைத்ததையும் மட்டும் சொல்லவில்லை. அதற்கு நீ இன்னும் கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். வடு தெரியட்டும் என்று நினைக்கிற தைரியம் உனக்கு இருந்தது, எனக்கு இல்லை.

டீச்சர் கடைசியாகக் கேட்டார்கள். "வலியை எப்படிச் சமாளிச்சீங்க?"

"மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன். வலி வந்த பிறகு கொடுத்தா அது பின்னாலேயே ஓடிக்கிட்டு இருக்கணும், வர்றதுக்கு முன்னாடியே கொடுத்துடணும்" என்றேன். டீச்சர் அதை எழுதிக்கொண்டார்கள். கீழே கோடும் போட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை பாப்பா. அது டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் எனக்குச் சொன்னது. நான் செய்தது அது இல்லை.

வார்டிலேயே ஆரம்பித்துவிட்டது. வலிக்கும்போது நீயே அமுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். எத்தனை தடவை அமுக்கினாலும் கணக்குக்கு மேல் மருந்து இறங்காது, பிள்ளை மட்டும்தான் அமுக்க வேண்டும், நீங்கள் அமுக்காதீர்கள் என்றார்கள். நான் அமுக்கவில்லை. ஆனால் "ரொம்ப அமுக்காதடா" என்று உன் காதில் சொன்னேன். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் வலி எத்தனை என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம் நீ முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாய். அப்புறம் "மூணு" என்பாய். உதடு காய்ந்து போயிருக்கும், கை கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும், ஆனாலும் மூணு. அந்த நர்ஸம்மா ஒரு தரம் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றார்கள். எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும்.

மதுரையிலிருந்து காரில் வந்தோமே. கப்பலூர் டோல்கேட்டுக்கு முன்னால் வரிசையாக வேகத்தடை போட்டிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் டயர் ஏறி இறங்கும்போது நீ கண்ணை மூடிக்கொண்டாய். சத்தமே இல்லை. அப்பா கண்ணாடியில் உன்னைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினார். "என் பொண்ணு எவ்வளவு தைரியசாலி" என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து நாள் உனக்கு வெளிக்குப் போகவில்லை. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் மலம் இறுகும், அதற்குத்தான் இனிப்பு சிரப் எழுதித் தந்திருந்தார்கள். எனக்கு அது புரியவில்லை. மாத்திரை உடம்பைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பெரியத்தை வேறு வந்து, "இது போதை மாத்திரையாம்ல, பழகிட்டா விடாது, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போற பொண்ணு" என்றார்கள். அத்தையைக் குறை சொல்லவில்லை. மாத்திரை என் கையில்தான் இருந்தது.

மூன்று வேளை கொடுக்க வேண்டியதை இரண்டாக்கினேன். ராத்திரி வேளைக்குப் பாதியாக உடைத்தேன். நீ கேட்டபோது "போட்டாச்சே, இன்னும் நேரம் ஆகலை" என்றேன். மிச்சத்தை மிஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். 11 மாத்திரை சேர்ந்திருந்தது. ராத்திரி நீ கூப்பிடவே மாட்டாய். துவைக்கும்போது பார்த்தால் உன் தலையணை உறையின் ஓரத்தில் பல் பதிந்து பதிந்து ஓட்டை விழுந்திருந்தது. அதே நிறத்தில் நூல் தேடி அதை அடைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. முதல் செக்கப்பில், "மாத்திரை ஒழுங்காத்தானே கொடுத்தீங்க? பிள்ளை ஏன் இன்னும் இப்படி விறைச்சு நடக்குது?" என்று டாக்டர் கேட்டார். "கரெக்டா கொடுத்தேன் சார்" என்றேன். நீ பக்கத்தில் நின்றாய். உனக்குத் தெரியுமோ என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷச் செக்கப்பில் அதே நர்ஸைத் தனியாகப் பிடித்து, யாருக்கோ கேட்பது போல் கேட்டேன். "டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நாள் வரைக்கும் கொடுத்துட்டு, படிப்படியாக் குறைச்சு நிறுத்தினா எதுக்கும்மா பயம்? அடக்காம விட்ட வலியைத்தான் சில பிள்ளைங்களுக்கு நரம்பு பழகிக்கும்" என்றார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஏழு வருஷமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ எழும்போது சுவரைப் பிடித்தால் எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று செய்தேன், அது உனக்கே தெரியும். ஏழாம் வகுப்பில் உன் யூனிபார்ம் பாவாடை ஒரு பக்கம் தூக்கியபோது, என் கட்டிங்தான் தப்பு என்று நினைத்து மறுபக்கம் ஒரு இஞ்ச் ஏற்றி மடித்துத் தைத்தேன். ஊருக்கெல்லாம் தோள் அளவு எடுக்கிறவள். ஒரு வருஷம் அப்படியே தைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முதுகுக்குப் பெல்ட் போடச் சொல்லும்போது வளைவு 34 டிகிரி ஆகிவிட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று சென்டிமீட்டர் உயரமாகி வந்தாய். அந்த மடிப்பைப் பிரித்தபோது உள்ளே துணி மட்டும் புதுசாக இருந்தது.

சரி, நீலச் சுடிதார். பாக்கெட்டில் மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் ஆறு காலி. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கிளம்புகிற அன்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்க முடியவில்லை. மருந்துக்கடையில் பெயரைக் காட்டிக் கேட்டேன், வலி மாத்திரைதான் என்றார்கள். திட்டுவதற்கு எழுதவில்லை. வலித்தால் மாத்திரை போடுவதில் ஒரு தப்பும் இல்லை, இதை எழுதுவதற்கு எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. ஆனால் நீயாக வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மீட்டிங்குக்குப் போகாதே. வயிற்றையும் கிட்னியையும் கெடுத்துவிடும். தசைப் பிடிப்பாக இருக்கலாம், நாள் பூராவும் நாற்காலியில் உட்காருவதால் இருக்கலாம். ஆபரேஷனில் முதுகில் வைத்த கம்பிக்குக் கீழே இருக்கிற எலும்புக்கு வேலை கூடியிருக்கலாம், ஒரு ஸ்க்ரூ தளர்ந்தும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்த்தால்தான் தெரியும். பழைய பைல் பீரோவில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். காலில் மரத்துப்போனாலோ, ஒன்றுக்குப் போவதில் மாற்றம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு வடுப்பக்கம் வீங்கினாலோ ஒரு நாளும் தள்ளாதே, எனக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதே. பையை ஒரே தோளில் மாட்டாதே.

டீச்சரிடம் நாளைக்குப் போய் நான் சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். அந்தப் பிள்ளை உன்னிடம் பேச வேண்டும் என்கிறது. அதனிடமாவது உள்ளதைச் சொல்லு. நர்ஸ் கேட்கும்போது அம்மா முகத்தைப் பார்க்காதே என்று சொல்லு.

நீ வரச் சொன்னால் நாகர்கோவில் வண்டியில் ஏறிவிடுவேன். பி.ஜி.யில் தங்க விடமாட்டார்கள் என்பாய், பரவாயில்லை, சித்தப்பா வீட்டில் இருந்துகொள்கிறேன். வர வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று எனக்கு எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், எண் போதும். இங்கே நான் அழுவேன், அது என் பாடு, நீ அதைப் பார்க்கப் போவதில்லை.

மிட்டாய்க்கு அடியில் நீலச் சுடிதார் இருக்கிறது. மிச்சம் நாலு மாத்திரையும் பாக்கெட்டிலேயே இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது அட்டையை எடுத்துப்போ. அதற்குள் வலித்தால் சாப்பிட்டுவிட்டுப் போடு.

அம்மா