செட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலைகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காகச் சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட வழிகாட்டி இணைப்பில், சினிமா கலை இயக்கம், அதாவது படத்துக்குச் செட் போடும் வேலை, பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. என் தங்கை மகன் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, இதானே நீங்க பார்த்த வேலை?" என்று கேட்டான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். நான் பார்த்த வேலை அதில் இல்லை.

எங்களுடையது கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்யும் குடும்பம். 1998-இல் சென்னைக்குப் போய் சினிமா செட்டுக்கு அச்சு வார்க்கும் மோல்டிங்கில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பிறகு பெயிண்டிங், கடைசி ஆறு வருஷம் உதவிக் கலை இயக்குநர். 2017-இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். கலை இயக்குநர் ஆகவில்லை. அதனாலேயே அந்த வேலையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் கட்டுரை ஓவியத் திறமை வேண்டும், மென்பொருள் தெரிய வேண்டும், டிசைன் பட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டு நேராக லட்சக்கணக்கான சம்பளத்துக்குப் போய்விட்டது. ஒரு கலை இயக்குநருக்குக் கீழே தச்சர், மோல்டர், பெயிண்டர், வெல்டர், செட் பொருள்களைத் தேடிப் பிடித்து வருபவர், வரைபடம் போடுபவர் என்று ஒரு தெருவே வேலை செய்யும். கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் வரைந்ததை, தச்சர் மறுநாள் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டத்திலும் ப்ளைவுட்டிலும் நிறுத்திக் காட்டுவார். இவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிள்ளைகள் உள்ளே நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

ஒரே ஓர் இரவைச் சொல்கிறேன். நான் பெயிண்டிங்குக்கு மாறிய புதிது. புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய காலத்துக் கதை ஒன்றுக்குப் படப்பிடிப்பு. ஒரு வீட்டின் புது இரும்பு கேட் கேமரா பிரேமில் விழுந்தது. அதை மறைக்கப் பதினான்கு அடியில் ஒரு சுவர் எழுப்பினோம். ரீப்பர் சட்டம், ப்ளைவுட், மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு, அந்தத் தெருவுக்கே உரிய மஞ்சள். பொழுது சாயும்போது முடிந்துவிட்டது. நான் எட்டி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்த பெயிண்டர் அண்ணன் வந்து, "நேத்துக் கட்டின சுவர் மாதிரி இருக்கேடா" என்றார்.

"நேத்துக் கட்டினதுதானே அண்ணே" என்றேன்.

அவர் திட்டவில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னைத் தெருத் தெருவாகக் கூட்டிப்போனார். நிஜச் சுவர்களைக் காட்டினார். மழைத்தண்ணீர் தரையில் பட்டுத் தெறிப்பதால் அடிச்சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் நிறம். ஜன்னல் கீலுக்குக் கீழே துருப்பிடித்த தண்ணீர் இறங்கிய கோடு. திண்ணைக்கு மேலே, உட்கார்ந்தவர்களின் முதுகும் தலையும் பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிய திட்டு. கதவு நிலையில் கை வைக்கும் உயரத்தில் மட்டும் கறுப்பு. "அழுக்கு கண்ட இடத்துல படியாது. காரணம் இருக்கிற இடத்துலதான் படியும்" என்றார். அப்புறம் விடிய விடிய வேலை. டீ டிகாக்‌ஷன், செம்மண் கரைசல், புகைக்கரி, ஈரக் கோணித்துணி, அவ்வளவுதான் சாமான். காலையில் அந்தப் பக்கம் வந்த ஒருவர் சைக்கிளை எங்கள் சுவரில் சாய்த்தார். ப்ளைவுட் 'டொக்' என்றதும் மனிதர் பயந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான்.

இது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டதற்குக் காரணம் என் அப்பா. பொம்மையின் தாடைக்குக் கீழே நூல் பருமனுக்கு ஒரு நிழல் இழுப்பார், முகம் எழுந்து நிற்கும். புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவற்றைச் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அச்சு எடுக்கவும், அச்சு ஒட்டாமல் பிரிக்கவும், எது எத்தனை நாளில் காயும் என்று கணிக்கவும் தெரியும். சென்னைக்குப் போய் நான் மோல்டிங்கில் முதலில் கற்றதே இவைதான். இது சினிமாவில் ஒரு தகுதி என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போனவர்கள் இல்லாமல் இல்லை. 'பாரதி' படத்தின் கலை இயக்கத்துக்கும் உடைக்கும் தேசிய விருது வாங்கிய பி. கிருஷ்ணமூர்த்தி பூம்புகார்க்காரர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 'நாயகன்' படத்துக்குத் தாராவியைச் சென்னை ஸ்டுடியோவில் எழுப்பி விருது பெற்ற தோட்டா தரணியோ ஒரு கலை இயக்குநரின் மகன். இந்த இரண்டு பேரில் யாரைப் போல ஆகலாம் என்று மருமகன் கேட்டான். அப்பா கலை இயக்குநராக இல்லாததால் முதல் வழிதான் உனக்கு என்றேன்.

அவன் கேட்டு வந்த தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு என் தங்கை வீட்டையே அடகு வைக்க வேண்டும். புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் என்ற கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நுண்கலை, கட்டடக்கலை போல ஒரு பட்டம் வாங்கிவிட்டால் புணே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கென்றே உள்ள படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். இந்த நான்கு பெயரில் ஒன்றுகூட உங்கள் அரைப் பக்கத்தில் இடம் பிடிக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மென்பொருள் பற்றி நீங்கள் எழுதியது சரி. இப்போது செட்டைப் பன்னிரண்டு, பதினைந்து அடியோடு நிறுத்திவிட்டு, அதற்கு மேலே கம்ப்யூட்டரில் கட்டிக்கொள்கிறார்கள். கணினியில் வரையக் கற்காததும் நான் உதவியாளராகவே நின்றதற்கு ஒரு காரணம். கற்கச் சொன்னார்கள், நான்தான் கையால் வரைவதே போதும் என்று வீம்பாக இருந்தேன்.

ஆனால் காசு விஷயத்தை மறைக்காமல் எழுதுங்கள். படம் நடக்கும்போது தினப்பேட்டா வரும், இல்லாத மாதத்தில் எதுவும் வராது. ஒரு தயாரிப்பு நிறுவனம் எனக்கு மூன்று மாதப் பாக்கி வைத்தது. கேட்கப் போனபோது அலுவலகத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஃபைபர் தேய்க்கும் தூசியில் முகத்தில் துணி மட்டும் கட்டிக்கொண்டு நின்றதால் வந்த இருமல் இன்னும் போகவில்லை, ஊர் திரும்பியதும் அதனால்தான். நல்ல முகக்கவசம் வாங்கிக்கொண்டு போகச் சொல்லி அடுத்த இணைப்பில் ஒரு வரி போட்டாலும் போதும், யாராவது ஒரு பையனாவது பிழைப்பான்.

இன்னொன்று புதுச்சேரி அரசுக்கு. படப்பிடிப்புக்கு அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்குகிறீர்கள். அதே தாளில், கலைப்பிரிவில் உள்ளூர் மாணவர் இரண்டு பேரைச் சம்பளத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேருங்கள். படம் எடுக்கிறவர்களுக்கு அது பெரிய செலவில்லை.

மருமகனிடம் எங்கள் வீட்டுத் திண்ணையை அளந்து, கால் அங்குலக் கணக்கில் அட்டையில் செய்து வரச் சொன்னேன். நேற்றுக் கொண்டுவந்தான். தூண் சரியாக இருந்தது. படியின் உயரத்தை அளக்க மறந்திருக்கிறான். மறுபடி டேப்போடு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வண்டிப்பாளையம், கடலூர்.