பாலம் இல்லாவிட்டால் குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கங்காருவின் மூளையில் இரு பாதிகளையும் பாலம்போல் இணைக்கும் 'கார்ப்பஸ் கலோசம்' என்ற நரம்புக்கற்றை இல்லை என்பதால் அதை 'முழுமை பெறாத மூளை' என்று ஞாயிறு பதிப்பின் அறிவியல் பக்கம் குறிப்பிட்டது பொருத்தமன்று. வயிற்றுப்பை கொண்ட பாலூட்டிகள் எவற்றுக்கும் அந்தப் பாலம் கிடையாது. மூளையின் இரு பாதிகளிலும் உள்ள பார்வைப் புறணிகள் (கண் காண்பதை உணரும் மேற்பரப்புப் பகுதிகள்), முன்புறமாக ஓடும் வேறொரு நரம்புக்கற்றை வழியே செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பாதைதான் வேறு.

எங்கள் வீட்டில் வளரும் சுகர் கிளைடரும் (காற்றில் மிதந்து தாவும் சிறு விலங்கு) பை விலங்குதான். மங்கிய வெளிச்சத்தில் திரைச்சீலையிலிருந்து என் தோளுக்குத் தாவும். இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையும் குறி தவறியதில்லை. (மனைவியின் தோள் பக்கம் போகாது, அது வேறு கதை.) பாலம் உள்ளது, இல்லாதது என இருவகை மூளைகளையும் அருகருகே வரைந்து அடுத்த வாரம் வெளியிட்டால் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் உதவும்.

வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு